அண்ணை பேசி முடித்த பிறகு வந்த இசை

“சரி அம்மா, கசற் முடியப்போகுது போலை கிடக்கு. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. தங்கச்சி, ஐயாவைக் கவனமாப் பார். பிறகு கதைக்கிறன்.”

ஜேர்மனியிலிருந்து பேசி அனுப்பிய ஒலிநாடாவில் அண்ணை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. டக் என்று ஒரு சத்தம். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்து என்று எனக்குக் கையைக் காட்டினார்.

நான் எழும்பிப் போவதற்குள் அது தொடங்கிவிட்டது.

தொடங்கியது என்று சொல்வதுகூடப் பிழை. எங்கேயோ முன்பே ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் நடுவில் நாங்கள் கதவைத் திறந்துகொண்டு போனது போல இருந்தது. ஒரு டிரம். ஒரே அடி, ஒரே இடைவெளி, ஒரே பலம். அதற்கு மேலே, மார்கழிக் காற்று தந்திக் கம்பியில் படும்போது கேட்குமே, அப்படி நீளமான ஒரு தொனி. அந்தத் தொனி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆனால் அதன் நிறம் மாறிக்கொண்டே இருந்தது.

“என்ன பிள்ளை உது? அவன் நிக்கிற இடத்திலை மெசின் ஓடுதோ?”

“மெசின் இல்லையம்மா. பாட்டு.”

“பாட்டெண்டால் ஆரேன் பாடவேணுமே?”

அம்மாவின் கேள்வி நியாயமானது. பாடுவார்கள் என்று நாங்கள் மூவரும் காத்திருந்தோம். ஒருவரும் பாடவில்லை. அம்மா எழும்பி வந்து பொத்தானை அமத்தப் போனார்.

“விடுமப்பா. ஓடட்டும்” என்றார் ஐயா.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஐயா வாய் திறந்தது அப்போதுதான். அம்மா கையை எடுத்துவிட்டார். பின்னேர வெயில் விறாந்தை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. டிரம் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடியின் நடுவிலேயே ரேப் நாடா முடிந்து, பொத்தான் தானாக மேலே துள்ளியது.

எனக்கு அந்த வெறுமை பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ஏதோ ஒன்று எனக்குப் பிடிபட்டிருக்கும் என்று தோன்றியது.

கரம்பொன் வீட்டில் மூன்று பேர்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஐயாவைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் தகப்பனார், ஐயா, களுத்துறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பல குடும்பங்களுக்கு அப்படித்தான்: ஆண்கள் தெற்கில் கடை, பெண்கள் ஊரில் வீடு. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. ஐயா உடுத்திருந்த சாரத்தோடு அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, கரம்பொன் வீட்டுச் சாய்மனைக் கதிரையில் வந்து விழுந்தார். விழுந்தவர் எழும்பவில்லை என்றே சொல்லவேண்டும். சாப்பிடுவார், குளிப்பார், கோயிலுக்குப் போவார். கதை பேச்சு மட்டும் இல்லை.

அண்ணை அடுத்த ஆண்டே வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குக்குள் போய், அங்கிருந்து கொலோன் நகரம். அகதி மனுக் கொடுத்துவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார்.

நான் அப்போது இசை ஆசிரியை. கரம்பொன்னிலிருந்து நாரந்தனைக்குச் சைக்கிளில் போய், பெண்பிள்ளைகளுக்கு ஸரளி வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பி வருவேன். சங்கீதத்தில் பட்டயம் எடுத்திருந்தபடியால், ஒரு ஓசையைக் கேட்டால் அது எந்தச் சுருதி, என்ன தாளம், எந்த இராகத்தின் சாயல் என்று மனசு தானாகவே பிரித்து வைத்துவிடும். அன்றைக்கு அந்த ஜேர்மன் கசற்றை மனசு பிரிக்கமுடியாமல் நின்றது. அதுதான் என்னைப் பிடித்தது.

கடிதம் எழுதுவதில் அண்ணை பஞ்சி பிடித்தவர், சரியான சோம்பல். அதனால்தான் கசற்றில் பேசி அனுப்பினார். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீடுகளிலெல்லாம் இது நடந்தது. கசற் வந்த செய்தி பரவினால் அயலட்டையும் வந்து இருந்து கேட்கும். அண்ணை வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அழுதுவிடுவார். அம்மா ஒவ்வொரு கசற்றையும் முதலில் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவிட்டுத்தான் போடுவார்.

ஆறு பெரிய பற்றறி

சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த ரேடியோ கசற்றுக்கு ஆறு பெரிய பற்றறி வேண்டும். பலம் குறைந்தால் கழற்றி வெயிலில் காயவைப்போம். கொஞ்சம் உயிர் வரும். அந்த உயிர் யாருக்கு என்பதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை.

“அண்ணன்ரை குரல் முடிஞ்ச உடனை நிப்பாட்டு. உந்த டங்கு டங்கெண்டு அடிக்கிறதுக்கு என்னத்துக்குப் பற்றறியைத் திண்ணக் குடுக்கிறாய்?”

“ஒருக்கால் மட்டும் அம்மா.”

“உனக்கு ஒருக்கால் எண்டால் ஒருக்காலே?”

ஒருக்கால் இல்லைத்தான். அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போட்டுக் கேட்பேன். ஐயா கதிரையில் கிடந்து கேட்பார். கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொன்றாகத் துலங்கியது. டிரம்மின் அடியில் சட்ஜத்திலேயே அசையாமல் நின்ற பேஸ் கிற்றாரின் அடித்தந்தி ஒரேயொரு முறை பஞ்சமத்துக்குப் போய்த் திரும்பியது. அந்த ஒரு இடத்துக்காக அவர்கள் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறார்கள். அந்த இடம் வரும்போது எனக்குக் கையிலே மயிர் கூச்செறியும். ஒரு இராகத்தை ஆலாபனை செய்கிறவர் காந்தாரத்தைத் தொடாமல் தொடாமல் இழுத்து வைத்திருந்து, கடைசியில் தொடும்போது சபை ‘ஆ’ என்று சொல்லுமே, அந்தப் பொறுமை இதிலும் இருந்தது. ஆனால் இவர்களிடம் இராகமும் இல்லை, சாகித்தியமும் இல்லை. காலம் மட்டும் இருந்தது. காலத்தையே ஒரு வாத்தியமாக வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்று எனக்கு எந்த வகுப்பிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த கசற்றிலும் அண்ணை முடித்த பிறகு மிச்சம் இருந்தது. அதில் டிரம்மே இல்லை. தண்ணீருக்குள் இருந்து மணி அடிப்பது போல ஓசைகள், ஒன்று போக அதன் நிழல் பின்னால் வரும், அந்த நிழலுக்கு ஒரு நிழல். நடுவில் ஒரு ஆள் இருமுவதும் கதிரை இழுபடுவதும் கேட்டது.

அந்த இருமல் என்னை உலுப்பிவிட்டது. இது கடையில் வாங்கிய கசற் இல்லை. யாரோ ஒரு அறையில் இருந்து பதிவு செய்தது.

“இசையோ? எது?”

பதில் பேசி அனுப்ப எங்களிடம் வெறுங் கசற் இருக்கவில்லை. அண்ணையின் குரல் இருந்ததை அழிக்க அம்மா உயிர் போனாலும் விடமாட்டார். அலுமாரியில் ஒரு பழைய கசற் கிடந்தது. சுருவிலில் ஒரு கோயில் திருவிழாவில் ஐயா எப்போதோ பதிவு செய்த மேளக்கச்சேரி. அதன் தொடக்கத்தை அழித்து அதில் பேசினோம். அம்மா பேசினார், நான் பேசினேன். ஐயாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் “நான் சுகமாயிருக்கிறன்” என்று மட்டும் சொன்னார்.

என் பங்கில் நான் கேட்டேன்: “அண்ணை, நீங்கள் கதைச்சு முடிஞ்சாப் பிறகு வாற இசை ஆற்றை? அதின்ரை முழுசும் கேக்க ஏலுமோ?” பஞ்சமத்துக்குப் போகும் இடத்தைப் பாடியும் காட்டினேன்.

மூன்று நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அண்ணை வழக்கம் போல அழவில்லை. சிரித்துக்கொண்டு தொடங்கினார்.

“தங்கச்சி, நீ கேட்டது எனக்கு முதல் விளங்கேல்லை. இசையோ? எது? நான் முடிஞ்சாப் பிறகு போட்டுக் கேட்டதேயில்லை. பிறகு போட்டுப் பாத்தன். பாத்திட்டு இதைத் தந்த மனுசனிட்டைப் போய்க் கேட்டன்.”

அந்த மனுசனின் பெயர் யூர்கன். அண்ணை இருந்த கட்டிடத்தின் மேல்மாடியில் தனியாக இருந்தவர், வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. அதே சாப்பாட்டுக் கடைக்கு மரக்கறி கொண்டுவந்து இறக்குகிறவர். பழைய கசற் ஏதும் இருக்கிறதா என்று அண்ணை கேட்டபோது ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்து, “எல்லாத்தையும் அழிச்சுக்கொள், எனக்குத் தேவையில்லை” என்று சொல்லியிருக்கிறார்.

அதெல்லாம் அவருடைய சொந்தக் குழுவின் பதிவுகள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி, நான்கு பேர் சேர்ந்து, பூட்டிக் கிடந்த ஒரு நெசவு ஆலையில் இருந்து வாசித்தவை. ஒரு கொம்பனியும் எடுக்கவில்லை. கேட்க வந்த சனமும் நடுவிலேயே எழும்பிப் போனது. ஒருவர் செத்துப்போனார், மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். யூர்கன் தன்னுடைய மின் வாத்தியத்தை விற்றுவிட்டு வான் ஓட்டத் தொடங்கினார்.

அண்ணை சொன்னார்: “உன்ரை தங்கச்சி எதைக் கேட்டவ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவர். பிறகு படியிலை இருந்திட்டார். நான் ஏதோ பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு பயந்துபோனன். பிறகு சொல்லுறார், அந்தப் பஞ்சமத்துக்குப் போற இடம் தான் கேட்டு வைச்சதாம். மற்ற மூண்டு பேரும் வேண்டாமெண்டு சண்டை பிடிச்சவையாம்.”

அண்ணைக்குப் பஞ்சமம் என்றால் என்னவென்று தெரியாது. நான் கசற்றில் பாடிக் காட்டியிருந்ததை அப்படியே யூர்கனுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. எங்கள் கசற்றிலும் நாங்கள் பேசி முடிந்த பிறகு மேளக்கச்சேரியின் மிச்சம் இருந்ததல்லவா? நிறுத்த வேண்டாம் என்று யூர்கன் அதையும் கேட்டிருக்கிறார். நாதஸ்வரக்காரரைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை. தவிலைப் பற்றியும் விசாரிக்கவில்லை. “பின்னாலை ஒரு ஆள் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாரே, அவர் ஆர்? அவருக்கு என்ன பேர்?” என்று கேட்டாராம்.

ஒத்து ஊதுகிறவரின் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. எங்களுக்கும் தெரியாது. ஐயா சாய்மனையில் இருந்து எழும்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் பக்கத்திலைதான் பதிஞ்சனான்” என்றார். “மெலிஞ்ச மனுசன். கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி. பேர் கேக்கேல்லை.” பிறகு, “கேட்டிருக்கவேணும்” என்றார்.

பூச்சியத்திலிருந்து

அதன் பிறகு யூர்கன் எனக்கென்றே ஒரு கசற் அனுப்பினார். அவருடைய குழு மட்டுமல்ல, அவர் காலத்து மற்ற ஜேர்மன் குழுக்களும் அதில் இருந்தன. எழுபதுகளில் வாசிக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் பேசுவார். கரகரத்த குரல். வெட்கப்பட்டுப் பேசுவது தெரியும்.

அதில் இருந்த ஒரு பாட்டு நேரான தெருவில் நிற்காமல் வண்டி ஓட்டுவது போலவே இருந்தது. நாரந்தனைக்குச் சைக்கிள் மிதிக்கும்போது அது என் காலுக்குள் ஓடும். இன்னொன்றில் பாட்டுக்காரர் பாடாமல் கிசுகிசுத்தார், முனகினார், திடீரென்று கத்தினார். அது எனக்குப் பிடிக்க ஒரு வருடம் எடுத்தது. இன்னொன்றில் மனிதக் குரலை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்திருந்தார்கள். பேய் கதைக்கிறது என்று அம்மா எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். வானொலி அலைவரிசைகளுக்கு இடையில் வரும் இரைச்சலையே எடுத்து, வெட்டி, ஒட்டி, இசையாக்கிய ஒன்றும் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் காதில் விழாமல் தள்ளிவிடுகிற இரைச்சல் அது. இவர்கள் அதைத் தள்ளாமல் உற்றுக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் இதுதான். அவர்கள் கெட்டித்தனம் காட்டவில்லை. வேகமாக விரலோட்டவில்லை. பத்து நிமிடம் ஒரே அடியை அடிக்கிறவனுக்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்! எங்கள் மேடைகளில் தனியாவர்த்தனம் வந்தால் மிருதங்கக்காரர் தன் வித்தை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் விடுவார். இந்த ஜேர்மன்காரர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் பின்னால் கட்டி வைத்துவிட்டு, தேவையான ஒன்றை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி வாசித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு யூர்கன் சொன்ன பதிலை அண்ணை தமிழில் சொன்னார்: “தாங்கள் பிறக்கேக்கை ஊர் முழுக்க இடிஞ்சு கிடந்ததாம். தேப்பன்மார் பாடின பாட்டைப் பாட அருவருப்பாம், அவை அந்தப் பாட்டோடைதானே சண்டைக்குப் போனவை. அமெரிக்காக்காரன்ரை பாட்டு வந்திது, ஆனால் அது தங்கடை இல்லையாம். அப்ப பூச்சியத்திலை இருந்து தொடங்குவம் எண்டு தொடங்கினதாம்.”

ஐயா அதைத் திருப்பிப் போடச் சொன்னார். பிறகு, “அதுகளும் எரிஞ்ச ஊரிலை இருந்துதானே வந்திருக்குதுகள்” என்றார்.

அடுத்த பதிலில் ஐயா “நான் சுகமாயிருக்கிறன்” என்பதோடு நிறுத்தவில்லை. கடையைப் பற்றிப் பேசினார். எந்தப் பக்கம் அரிசி மூட்டை, எந்தப் பக்கம் செத்தல் மிளகாய், முதலில் எது எரிந்தது என்று. அம்மாவுக்கும் எனக்கும் சொல்லாததை அந்தக் கசற்றுக்குச் சொன்னார். நாங்கள் வாசலில் நின்று கேட்டோம். கடைசியில், “அந்த யூர்கனுக்கும் சொல்லு” என்றார்.

யூர்கனின் படம் ஒன்றும் வந்தது. பனிக்குள் அண்ணையும் அவரும். தோள் வரைக்கும் தலைமயிர். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உது ஆம்பிளையோ பொம்பிளையோ?” பிறகு, “மெலிஞ்சுபோனான்” என்றார். அது அண்ணையைப் பற்றி.

யூர்கனை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

ஒரு பைக்கு இரண்டு கை

தொண்ணூறாம் ஆண்டு சண்டை தீவுக்கு வந்தபோது நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். அந்தப் பகலைப் பற்றி விரிவாக எழுதும் பலம் எனக்கு இன்னும் வரவில்லை. ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வர, எடுக்கக்கூடியதை எடுங்கள் என்று ஐயா சொன்னார். நான் நேரே சாமி அறைக்கு ஓடினேன். அம்மாவும் அங்கே ஓடிவந்தார். இரண்டு பேரும் கை வைத்தது ஒரே சீலைப் பையில்: கசற் பை. அம்மா அண்ணையின் குரலை எடுக்க வந்தார், நான் மற்றதை எடுக்க வந்தேன். இரண்டும் ஒரே ரேப்பில்தான் இருந்தன.

“நீ ரேடியோவை எடு. இதை நான் கொண்டு வாறன்” என்றார் அம்மா.

வள்ளமேறி அராலிக் கரையில் இறங்கினோம். பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா இடுப்பளவு தண்ணீரில் நடந்தது மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. கொக்குவிலில் உறவினர் வீட்டில் ஒரு அறை கிடைத்தது.

அங்கே மின்சாரம் இல்லை. பற்றறி அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குள் வரவிடாத பொருள்களில் ஒன்றாகிவிட்டது. வெயிலில் காயவைத்த பழைய பற்றறிகளும் ஒரு கட்டத்தில் செத்தன. மாதக்கணக்கில் அம்மா கசற்றைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். தபாலும் இல்லை. பிள்ளையின் குரல் மறந்துபோய்விடுமோ என்று பயமாயிருக்கிறது என்று ஒருநாள் சொன்னார்.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவைப் பொருத்தி, வயரை இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்து, ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்றவேண்டும். செய்தி கேட்க ஊர் முழுக்க அப்படித்தான். ஆனால் கசற் ஓடுவது வானொலி கேட்பது போல லேசில்லை. சுற்று குறைந்தால் ரேப் இழுபடும்.

முதல் நாள் ஐயா சுற்றினார். அண்ணையின் குரல் வந்தது. “அம்...மாஆஆ...” என்று கிணற்றுக்குள் இருந்து பூதம் கூப்பிட்டது போல. அம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐயா அவசரப்பட்டு வேகமாகச் சுற்றினார். குரல் இரைந்து கிழிந்தது.

“நிப்பாட்டுங்கோ. அது என்ரை பிள்ளை இல்லை” என்று அம்மா வெளியே போய்விட்டார்.

ஐயா வியர்த்துப்போய் இருந்தார். நான் கசற்றைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளி வைத்தேன். “ஐயா, இதைப் போட்டுச் சுத்திப் பாருங்கோ. உந்த அடியைக் கேட்டுக் கேட்டுச் சுத்துங்கோ. அடி தளம்பாமல் வந்தால் உங்கடை கையும் தளம்பேல்லை எண்டு அர்த்தம்.”

அந்த டிரம் அப்போது எங்களுக்கு உதவியது போல வேறு எந்த இசையும் உதவியிராது. பாட்டென்றால் ஏறும், இறங்கும், எது பிழை என்று தெரியாது. இது நேர்கோடு. கொஞ்சம் குறைந்தால் உடனே தெரிந்தது. ஐயா ஒரு கிழமை, ஏழு நாளும், பின்னேரத்தில் அதோடு இருந்து கை பழகினார். தோள் நோகும்போது நான் மாறுவேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பலசரக்கு வியாபாரி ஜேர்மன் டிரம்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து தாளம் படித்தார். படிக்கப் படிக்க முகம் இளகியது. “இவன் மனுசனே? இம்மியும் பிசகிறானில்லை” என்று அந்த முகம் தெரியாத ஆளைப் புகழ்ந்துகொண்டே சுற்றினார்.

ஒரு கிழமை கழித்து அம்மாவைக் கூப்பிட்டார். குரல் வந்தது. அண்ணை, அதே அண்ணை, தொண்டையைச் செருமிக்கொண்டு.

கிளாலி கடலால் வந்த கசற்

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருக்கலாம். கொழும்புக்குப் போய்க் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து திரும்பி வந்த உறவினர் ஒருவர், அண்ணை அனுப்பிய கசற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். உப்புத் தண்ணீர் பட்டு உறை கலைந்திருந்தது. நான் ரேப்பை நிழலில் காயவைத்து, விரலால் மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போட்டேன். ஐயா பெடலைப் பிடித்தார்.

அண்ணை பேசினார். வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது, இப்போது கோப்பை கழுவுவதில்லை, சமைக்கிறார். பிறகு, “அம்மா, இதுக்குப் பிறகு வாறது யூர்கன் செய்தது. இரவல் வாத்தியம் ஒண்டு எடுத்துத் திரும்ப வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். நிப்பாட்டாமல் கேளுங்கோ. கடைசி மட்டும் கேளுங்கோ” என்றார்.

அம்மா எழும்பப் போனவர் திரும்ப இருந்தார்.

டிரம் தொடங்கியது. அதன் மேல் நாதஸ்வர ஒத்துப் போல ஒரு தொனி. அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “சாப்பிட்டனியோ ராசா?”

அம்மாவின் குரல். நாங்கள் எப்போதோ அனுப்பிய ஏதோ ஒரு கசற்றிலிருந்து அந்த ஒரு வசனத்தை மட்டும் யூர்கன் எடுத்திருக்கிறார். அது முடிய, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும்: “சாப்பிட்டனியோ ராசா?” மறுபடியும். மறுபடியும். தொனி மெல்ல நிறம் மாறியது. ஒவ்வொரு தரமும் அதே கேள்விதான். ஆனால் ஒருமுறை அது விசாரிப்பது போல இருந்தது, ஒருமுறை கெஞ்சுவது போல, ஒருமுறை கோபம் போல.

அம்மா முதலில் சிரித்தார். “என்னைப் பகிடி பண்ணுறானோ?” பிறகு சிரிப்பு நின்றது. “எத்தினை தரம் கேக்கிறது? ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லையே.”

“பொறுங்கோம்மா.”

ஐயா களைத்துவிட்டார். சுற்றை விடாமல் கையை மாற்றி நான் வாங்கினேன். என் தோளும் எரிந்தது. அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அடித்தந்தி எங்கேயும் போகவில்லை. அம்மா ரேடியோவுக்குக் கிட்ட நகர்ந்து, குனிந்து, பெட்டிக்குள் இருக்கும் தன் குரலைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு டிரம் நின்றது. தொனி மட்டும். அம்மாவின் குரல் கடைசியாக ஒருமுறை, ஒன்றுமில்லாத இடத்தில்: “சாப்பிட்டனியோ ராசா?”

அடித்தந்தி பஞ்சமத்துக்குப் போனது.

“ஓம் அம்மா. சாப்பிட்டனான்.” அண்ணையின் குரல்.

ரேப் முடிந்தது. என் கை தானாக இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. சில்லு மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது.

அம்மா முழங்காலில் கையை ஊன்றி எழும்பினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார்.

“வாருங்கோ” என்றார் திரும்பிப் பார்க்காமலே. “இனி நாங்களும் சாப்பிடுவம்.”